பிறப்பா, வாழ்நிலையா? சிவிங்கிப் புலியின் நோய்கள் பற்றிய ஆய்வு வரலாற்றில் ஒரு திருப்பம்

ஓர் உயிரினம் நலிவுறுவதற்கு அதன் பிறப்பே காரணமா, அன்றி அது வாழ நேர்ந்த நிலைமைகள் காரணமா என்னும் வினா உயிரியலாளருக்கு மட்டும் உரியதன்று. மனித சமுதாயத்திலும் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள் ஆளுவோரின் கையில் ஆயுதங்களாக இருந்து வந்துள்ளன. சேரிகளில் வாழ்வோரின் நோயும் வறுமையும் அவர்தம் குருதியிலேயே ஊறியவை எனக் கூறிய ‘இனமேம்பாட்டு’ வாதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மதிப்புக்குரிய அறிஞர்களாகவே உலவினர். எனவே, இதே வினா ஒரு விலங்கு குறித்து எழுப்பப்பட்டு, கால் நூற்றாண்டுக் காலம் விவாதிக்கப்பட்டு, இறந்த விலங்குகளின் உடல்களைப் பொறுமையுடன் ஆராய்ந்த ஒரு விலங்கு மருத்துவ நோயியலாளரின் பணியினால் பெரிதும் தெளிவுற்ற வரலாறு நமது கவனத்துக்குரியது.

அவ்விலங்கு சிவிங்கிப் புலி. ஈழத்தில் நாம் சிறுத்தை என வழங்குவது வில்பத்து, யால ஆகிய காடுகளில் வாழும் வேறோர் இனமாகும். சிவிங்கி நமது தீவில் வாழும் விலங்கன்று. தமிழ் நூல்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே பெயரால் குழப்பப்படுவதால் இதனை முதலிலேயே கூறிவைத்தல் நலம்.

சிவிங்கியை மனிதன் சிறைப்படுத்திய வரலாறு நெடியது. மொகலாயப் பேரரசர் அக்பர் ஒரு காலத்தில் ஆயிரம் சிவிங்கிகளை வேட்டைக்காக வைத்திருந்தார் என அவர் மைந்தர் ஜஹாங்கீர் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். இத்தனை விலங்குகள் அரண்மனையில் வளர்ந்தும் அவை அங்கு இனம்பெருக்கவில்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஒரேயொரு முறை, ஓர் ஆண் சிவிங்கி தன் கழுத்துப் பட்டையை நழுவவிட்டுப் பெண்ணிடம் சென்று சேர்ந்ததனால் மூன்று குட்டிகள் பிறந்தன என்பதை அவர் வியப்புடன் பதிவு செய்கிறார். அதன் பின்னர் சிறையில் சிவிங்கி ஈன்றமைக்கான அடுத்த உறுதியான பதிவு 1956இல் பிலடெல்பியா மிருகக்காட்சிச்சாலையிலேயே கிடைக்கிறது. இடைப்பட்ட மூன்றரை நூற்றாண்டுகளில் காடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவையே கூடுகளை நிரப்பின. இந்தியக் காடுகளோ வெறுமையாயின. சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது.

இவ்விலங்கு ஏன் சிறையில் பெருகுவதில்லை, ஏன் எளிதில் நோயுறுகிறது என்னும் வினாவுக்கு 1980களில் ஒரு விடை கிடைத்தது. ஸ்ரீபன் ஓபிறையனும் அவர்தம் குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், 55 சிவிங்கிகளின் குருதியில் 47 பரம்பரையலகு இருக்கைகளை நோக்கியபோது அவற்றிடையே வேறுபாடே காணப்படவில்லை என்றனர். ஒன்றுக்கொன்று உறவற்ற சிவிங்கிகளிடையே தோல் ஒட்டுச் செய்தபோதும் உடல் அதனை அந்நியமெனத் தள்ளவில்லை. ஆண் விலங்கின் விந்தணுக்களில் ஏறத்தாழ 70 வீதமானவை வடிவக்கேடுற்றிருந்தன. அக்காலத்திலேயே, 1982-83இல், ஒறிகன் மாநிலத்து விலங்குக் காப்பகமொன்றில் பூனைகளின் கொரோனா வைரசு பரவிச் சிவிங்கிகளில் பாதிக்கு மேற்பட்டவை மடிந்தன. அதே வளாகத்திலிருந்த சிங்கங்கள் நோய்க்குறி காட்டவில்லை. இவையனைத்தையும் இணைத்து 1985இல் ஒரு கோட்பாடு உருவாயிற்று: ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வினம் பேரழிவுக்குள்ளாகிச் சிலவே எஞ்சின, அச்சிலவற்றின் வழித்தோன்றல்களாதலின் இன்றுள்ளவை யாவும் ஏறக்குறைய இரட்டையர் போன்றவை, ஆகவே அவை பிறப்பிலேயே நோய்க்கு இரையாகுபவை.

இக்கோட்பாடு எளிமையும் கவர்ச்சியும் உடையது. பாடநூல்கள் அதனை விரைந்து ஏற்றன. வேறுபாடின்மை என்னும் அவதானிப்பு உண்மையே. அதனை மறுப்போர் அரியர். ஆயின் அவ்வவதானிப்பிலிருந்து நோயின் காரணத்துக்குத் தாவியதில் ஓர் இடைவெளி இருந்தது. ஆராயப்பட்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டில் வாழ்ந்தவை. கூட்டுக்கு வெளியே வாழும் சிவிங்கியின் ஈரலும் சிறுநீரகமும் எவ்வாறுள்ளன என்பதை அன்று எவரும் முறையாகப் பார்த்திருக்கவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியவர் லிண்டா மன்சன் அம்மையார். ரெனசிப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கலிபோர்ணியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலும் விலங்கு மருத்துவ நோயியலைக் கற்பித்த இவர், 2010இல் காலமானார். வட அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைகளில் இறக்கும் ஒவ்வொரு சிவிங்கியின் உறுப்பு மாதிரிகளும் ஓரிடத்துக்கு வந்து சேர்வதும், அவை ஒரே அளவுகோலால் நோக்கப்படுவதும் அவரது முறையின் அடிப்படை. 1989 முதல் 1992 வரை இவ்வாறு திரட்டியவற்றின் முடிவுகளை அவர் 1993இல் வெளியிட்டார். பிற பூனையினங்களில் அரிதாகவே காணப்படும் நோய்கள் இங்கு மிகப் பரவலாக இருந்தன: ஈரலின் சிறு நாளங்கள் அடைபடுதல், சிறுநீரகத்தின் வடிகட்டும் கலன்முடிச்சுகள் தடித்து இறுகுதல், கடும் இரைப்பை அழற்சி, அமிலோயிட் என்னும் புரதம் உறுப்புகளிற் படிதல். இவை ஒரு நாளில் கொல்வன அல்ல, ஆண்டுக்கணக்கில் அரிப்பவை.

நுணுக்குக்காட்டியின் முன்னமர்ந்து ஆயிரக்கணக்கான வழுக்கிகளைப் பார்த்துத் தரம்பிரித்துக் குறிப்பெழுதும் இவ்வேலைக்குப் பரிசும் புகழும் எளிதில் கிட்டுவதில்லை. எனினும், பல நகரங்களின் விலங்கு மருத்துவர்களும் பராமரிப்பாளர்களும் தம் பங்கைச் செய்தாலன்றி இத்தகைய தொகுப்பு உருவாகாது. கோட்பாட்டின் பெயரில் ஒருவர் அறியப்படுகிறார். சான்று கூட்டுழைப்பில் விளைகிறது. அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவது வருந்தத்தக்கது.

ஒப்பீட்டுக்குத் தேவைப்பட்டது சுதந்திரமாக வாழ்ந்த சிவிங்கியின் உடல். அது நமீபியாவிலிருந்து கிடைத்தது. உலகின் சிவிங்கிகளில் பெருந்தொகையினவற்றைக் கொண்ட அந்நாட்டில் அவை பெரும்பாலும் காப்பகங்களில் வாழவில்லை. தனியார் கால்நடைப் பண்ணை நிலங்களிலேயே வாழ்கின்றன. சிங்கத்தையும் கழுதைப்புலியையும் பண்ணையாளர் முன்னரே ஒழித்துவிட்டமையால், அவற்றுக்கு அஞ்சி ஒதுங்கும் சிவிங்கிக்கு அந்நிலங்கள் வாழிடமாயின. குடியேற்ற ஆட்சியில் வெள்ளையர் வசமாகி, 1990இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் பெரிதும் அவர் கையிலேயே இருந்த நிலங்கள் அவை. கன்றுகளைக் காக்கும் பொருட்டுப் பொறி வைத்துப் பிடிப்பதும் சுடுவதும் அங்கு வழக்கம். 1980களில் இவ்வாறு அகற்றப்பட்டவை பல்லாயிரம். நோயின் சுவடு தேடிய ஆய்வாளருக்கு, நோயால் சாகாத விலங்குகளின் உடல்கள் கிடைத்ததில் இவ்வழக்கத்துக்கும் பங்குண்டு.

1986 முதல் 2003 வரை நமீபியாவில் பெறப்பட்ட 49 உடற்பரிசோதனைகளும் 27 இரைப்பை இழைய மாதிரிகளும், வட அமெரிக்காவின் 147, தென்னாபிரிக்காவின் 80 சிறைப்பட்ட சிவிங்கிகளின் பதிவுகளுடன் ஒப்பிடப்பட்டன. முடிவு 2005இல் வெளியாயிற்று. சுதந்திர விலங்குகளில் இரண்டு நீங்கலாக ஏனையவை திடமான உடல்நலத்துடன் இருந்தன. இரைப்பை அழற்சி பற்றிய பெறுபேறே இவற்றுள் மிகுந்த பொருள் பொதிந்தது. ஹெலிக்கோபக்ரர் என்னும் பற்றீரியாவே இந்நோய்க்குக் காரணமென நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் அப்பற்றீரியா சுதந்திர விலங்குகளின் இரைப்பையிலும் மிகுதியாகக் குடியிருந்தது. அவ்வாறிருந்தும் அவற்றில் 3 வீதமானவையே நடுத்தர அல்லது கடும் அழற்சியுற்றிருந்தன. சிறைப்பட்டவற்றிலோ 64 வீதம். பரம்பரையலகும் ஒன்று, பற்றீரியாவும் ஒன்று, வேறுபட்டது வாழ்நிலை.

காட்டு விலங்கு இளமையிலேயே மடிவதால் நாட்பட்ட நோய் தோன்றக் காலமிருப்பதில்லை என்று ஒருவர் வாதிக்கலாம். நியாயமான ஐயமே. அதனாற்றான் ஒத்த வயதினவே ஒப்பிடப்பட்டன. மற்றொரு சான்றும் இதனோடு சேர்கிறது. கரன் ரேரியோ, லோறி மார்க்கர் ஆகியோருடன் மன்சன் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சிறைப்பட்ட சிவிங்கிகளின் அதிரீனல் சுரப்பியின் மேற்பட்டை பருத்திருந்தமையும், மலத்தில் நெருக்கீட்டு ஓமோன்களின் அளவு மிகுந்திருந்தமையும் காட்டப்பட்டன. இடையறாத நெருக்கீடு உடலின் நோயெதிர்ப்பைத் திரிபடையச் செய்யும் என்பது உடற்றொழிலியல் அறிந்த செய்தி.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நமது சமூக விருப்பங்களுக்கு உகந்தது என்பதற்காக இம்முடிவை மிகைப்படுத்தலாகாது. பிறப்புரிமை பொருட்டல்ல என மன்சன் கூறவில்லை. அதனை மட்டுமே காரணமாக்குவது தவறு என்றே கூறினார். ஒரே கூட்டு வாழ்வில் சிங்கம் தாங்குவதைச் சிவிங்கி தாங்காதிருப்பதில் இனத்தின் இயல்புக்கும் பங்கிருக்கவே வேண்டும். இயல்பு நோயாக வெளிப்படுவதற்கு எந்நிலைமை வேண்டும் என்று கேட்பதே இயங்கியல் நோக்கு. சூழலியலாளரான ரிம் காரோவும் கரன் லோறன்சனும் 1994இல் செரெங்கெற்றி ஆய்வின் அடிப்படையில், அங்கு சிவிங்கிக் குட்டிகள் மடிவது பெரிதும் சிங்கம் முதலிய வேட்டை விலங்குகளாலேயே எனக் காட்டியமையும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

அதே நோக்கின் மற்றொரு பயன் சிங்கங்கள் பற்றிய அவரது ஆய்வில் தெரிகிறது. 1994இல் செரெங்கெற்றிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி, சுமார் ஆயிரம், மடிந்தன. நாய்களின் டிஸ்ரெம்பர் வைரசே காரணமெனக் கண்டறியப்பட்டது. ஆயின் சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது, அதே வைரசு குறைந்தது ஐந்து முறை அச்சிங்கங்களிடையே எவ்வித இறப்புமின்றிப் பரவிச் சென்றமை தெரியவந்தது. 1994இலும், கொறொங்கோறோவில் 2001இலும் மட்டும் அது ஏன் கொன்றது? மன்சனும் அவர்தம் குழுவினரும் 2008இல் விடை தந்தனர். அவ்விரு முறையும் முந்திய ஆண்டில் கடும் வறட்சி நிலவிற்று. மெலிந்த எருமைகளில் உண்ணிகள் பெருகின. சாகுந்தறுவாயிலிருந்த அவ்வெருமைகளைச் சிங்கங்கள் வேண்டியமட்டும் தின்றன. உண்ணிகளின் வழி பபேசியா என்னும் குருதி ஒட்டுண்ணி சிங்கங்களில் மிகுந்தது. வைரசு நோயெதிர்ப்பை ஒடுக்கியபோது அவ்வொட்டுண்ணி கட்டுமீறிற்று. மழை பொய்த்ததிலிருந்து சிங்கத்தின் சாவு வரை நீளும் இச்சங்கிலியில் வைரசு ஒரு கண்ணி மட்டுமே.

2022 செப்ரெம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளும், 2023 பெப்ரவரியில் தென்னாபிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் இந்தியாவின் குனோ தேசிய வனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. தனிமைப்படுத்தலும் வேலியிட்ட அடைப்பு வாழ்வும் சிலவற்றுக்கு மாதக்கணக்கில் நீடித்தன. முதலில் இறந்த பெண் விலங்கு சிறுநீரக நோயால் மாண்டது. 2023 யூலை, ஓகஸ்ற் மாதங்களில் மேலும் மூன்று, புண்களில் தொற்றிய கிருமி குருதியிற் கலந்ததால் இறந்தன. தென்னரைக் கோளத்தின் குளிர்காலத்தை எதிர்பார்த்து அவற்றின் உடலில் அடர்ந்த மயிர் வளர்ந்திருந்தது. வந்ததோ இந்தியாவின் பருவமழை. வானொலிக் கழுத்துப் பட்டையின் கீழ் ஈரம் தங்கித் தோல் புண்ணாகி, ஈக்கள் முட்டையிட்டன என வல்லுநர் விளக்கினர். எஞ்சியவற்றைப் பிடித்துப் பட்டைகளைக் கழற்றி, மருந்திட்டு, மீண்டும் அடைப்புகளில் விட்டனர்.