கரிசலில் ஒரு கடைக்கால்

"கட்டடக் கலை வரலாறு பற்றி ஒரு கட்டுரை கொடுங்க சார்" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டபோது, தஞ்சைப் பெரிய கோயிலையோ கல்லணையையோ எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத வந்தது கரிசல் மண்ணைப் பற்றி. இதுவும் கட்டட வரலாறுதான். அதில் எனக்குச் சொந்த நஷ்டமும் உண்டு.

1982 மே மாதம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், அப்பா ரிட்டயர்டு ஆகி வந்த பணத்தில் வீடு கட்ட ஆரம்பித்தோம். நான் சிவில் முடித்து நாலு வருஷம் சைட் பார்த்தவன். குழி தோண்டினால் கடப்பாரை 'டங்'கென்று எகிறுகிறது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் 40 அடிக்குக் கீழே. இதைவிட நல்ல மனை எங்கே கிடைக்கும்? தாங்குதிறன் கணக்குப் போட்டு, 4 அடி ஆழம் வானம் தோண்டினால் போதும் என்றேன். "சரளை வர்ற வரைக்கும் போயிருவோம் தம்பி, கரிசலை நம்பக் கூடாது" என்றார் கொத்தனார். கூலிக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகைக்குள் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பிவிட்டது. வாசல் கதவு சாத்த வரவில்லை. அப்பா திட்டவில்லை. "இதெல்லாம் உங்க படிப்புல வராதாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

வந்திருந்தது. 1911-லேயே சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க், ஒரே களிமண் ஈரம் ஏற ஏறக் கட்டியாக, பிசையும் மாவாக, கூழாக மாறும் எல்லைகளை அளந்து சொல்லிவிட்டார். அவர் விவசாயத்துக்காக மண்ணை ஆராய்ந்தவர், கட்டடக்காரர் அல்ல! இஸ்தான்புல்லில் பேராசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி, கையில் கிடைத்த சாமான்களை வைத்தே கருவி செய்து களிமண்ணை அழுத்திப் பார்த்தார். மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தத்தைச் சேர்க்காமல் மண்ணின் பலத்தைச் சொல்ல முடியாது என்று காட்டினார். 1925-ல் வந்த அவருடைய ஜெர்மன் நூலோடுதான் மண் இயந்திரவியல் என்ற பாடமே பிறந்தது.

நம் கரிசலின் குணம் இன்னும் ஒரு படி மேலே. அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமத்தின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு அது வரம். வீட்டுக்கோ, கீழேயிருந்து தூக்கும் கை. பாரம் குறைந்த ஒற்றை மாடி வீட்டைத்தான் அது முதலில் அசைக்கும். அதிலும் ஒரே சீராகத் தூக்காது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரங்களில் வெயிலும் மழையும் மாறி மாறி விளையாடும். சுவர் கிழிவது அதனால்தான். நான் கிணற்றை எட்டிப் பார்த்ததே தப்பு. நீர்மட்டம் 40 அடியில் இருந்தால் இருக்கட்டும். மேலேயுள்ள பத்துப் பன்னிரண்டு அடி மண்ணில் வருஷம் முழுக்க ஏறி இறங்கும் ஈரம்தான் என் வீட்டின் தலையெழுத்து. மே மாதக் குழி அதில் ஒரு பருவத்தைத்தான் காட்டியது.

இதற்கு நம் நாட்டிலேயே மருந்து கண்டுவிட்டார்கள். ரூர்க்கியில் 1947-ல் தொடங்கிய மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தில், தினேஷ் மோகனும் உடன் பணியாற்றியவர்களும் 1950களில் கரிசல் வீடுகளை ஆராயத் தொடங்கினார்கள். அங்கே உருவானதுதான் குமிழ் வைத்த குத்துத்தூண் முறை. கையால் சுற்றும் துரப்பணத்தில் குறைந்தது 3.5 மீட்டர் துளை போட்டு, அடியில் மட்டும் தூணைப்போல் சுமார் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். ஈரம் மாறாத மண்ணில் அந்தக் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். மேலே ஓடும் உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி. மண் உப்பட்டுமே, வீட்டைத் தொடாது! பெரிய மிஷின் ஒன்றும் வேண்டாம். நாலு ஆள் போதும். 1980-ல் திருத்தி வெளியான இந்தியத் தரநிர்ணய ஏட்டில் இதெல்லாம் இருக்கிறது. நான் வானம் தோண்டியது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

இன்றைய மாணவர்களுக்காக ஒன்று. 1977 தரநிர்ணயத்தில் உள்ள எளிய சோதனை இது. உலர்த்திச் சலித்த மண் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, 100 மில்லி அளவுக் குடுவைகள் இரண்டில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். (பெயரில் மண் இருந்தாலும் அந்த எண்ணெயில் மண் உப்பாது.) 24 மணி நேரம் கழித்து, மண்ணெண்ணெயில் உள்ளதைவிடத் தண்ணீரில் எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று பாருங்கள். 50-ஐத் தாண்டினால் உஷார். இரண்டு குடுவையும் ஒரு டம்ளர் மண்ணெண்ணெயும்தான் செலவு. அதைச் செய்யாமல் அப்பாவின் பணத்தைக் கொட்டினேன்.

பிறகு 1985-ல் வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, குளியலறைத் தண்ணீரை வாய்க்கால் கட்டித் தூரத்தில் விட்டோம். விரிசல் குறைந்தது, போகவில்லை. கார்த்திகையில் ஒருதரம், சித்திரையில் ஒருதரம் அப்பா விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதி வைப்பார். அவர் எந்த லேபிலும் படித்தவர் இல்லை. வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக இருக்கும் தேதி 27-11-1996.