கண்ணீர்க் காளானின் தாயகம்



வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் பலர், புதிய வீட்டிற்குக் குடிபோகுமுன் நிலையையும் உத்தரத்தையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பதுண்டு. அது ஊரில் நம் பெரியோர் கற்றுத் தந்த வழக்கம். மண் தடம் ஓடியிருந்தால் கறையான். சிறு துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் உளு. விரல் பட்டதும் பிய்ந்து வந்தால் மழைநீரில் இற்றுப்போன மரம். கண்ட மாத்திரத்தில் இன்னதெனச் சொல்லி, அதற்குரிய பரிகாரத்தையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மலைப்பிரதேசத்துக் கட்டடம் ஒன்றைப் பற்றிய பராமரிப்புக் குறிப்பைத் தமிழாக்கும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு வந்தது. கூரை மரங்களுக்கு 'டிரை ராட்' கண்டிருப்பதாக அதில் எழுதியிருந்தது. 'உலர் அழுகல்' என்று எழுதிவிட்டு மேலே சென்றோம். பிற்பாடு அச்சொல்லின் வரலாற்றைப் படித்தபோதுதான், மூலச் சொல்லே மயக்கந் தருவது என்பதும், நாம் அந்த மயக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பதும் விளங்கின. அந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில், அது உலர்ந்த மரத்தில் தோன்றுவதன்று. மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கேனும் ஈரம் இருந்தாலன்றி அது வேர்கொள்ளாது. அதனை உண்டாக்குவது ஒரு காளான். குடை போன்ற காளானன்று. சுவரிலோ பலகையிலோ தோசையைப் போல் பரந்து படிவது. நடுவே துருவின் நிறம், விளிம்பில் வெண்மை, மேற்பரப்பெங்கும் மடிப்புகள். அதன் வித்துக்கள் செம்பழுப்புத் தூளாக அறையெங்கும் படியும். மரத்திலுள்ள செல்லுலோஸ் என்னும் பொருளை அது தின்றுவிட்டு, லிக்னின் என்னும் பொருளை விட்டுவிடும். எஞ்சிய மரம் பழுப்பேறி, கட்டங் கட்டமாக வெடித்து, கையால் பொடிக்கத்தக்கதாகிவிடும். பார்வைக்கு அது உலர்ந்த மரம். ஆகவேதான் அப்பெயர் ஏற்பட்டது.

பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் பல, துறைமுகத்தில் நின்றபடியே மக்கிப்போயின. 1810 இல் நீரில் இறக்கப்பட்ட 'குவீன் சார்லட்' என்னும் பெருங்கப்பல், பணியில் ஈடுபடுமுன்னரே பழுதுற்று மீண்டும் செப்பனிடப்பட வேண்டியதாயிற்று. காரணம் காண, தாவர ஓவியத்தில் புகழ்பெற்ற ஜேம்ஸ் சவர்பி அழைக்கப்பட்டார். அவர் கப்பலில் கண்டவை ஒன்றல்ல. பல இனக் காளான்கள். ஆனால் கப்பல் கட்டுவோரும் தச்சரும் அவை அனைத்தையும் ஒரே பெயரால் வழங்கி வந்தனர். நோய் எதுவாயினும் காய்ச்சல் என்றே எழுதிவைக்கும் வைத்தியரின் நிலைதான் அது.

இவற்றுள் வீடுகளைப் பாழாக்கும் இனத்தைப் பிரித்தறிந்து விவரித்தவர் ஆஸ்திரிய நாட்டு இயற்கையியலாளரும் பாதிரியாருமான ஃபிரான்ஸ் வான் வுல்ஃபென் என்பவர். 1781 இல் அதற்கு அவர் 'லாக்ரிமான்ஸ்' என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் 'கண்ணீர் சொரிவது' என்று பொருள். வளரும் காளானின் மேல் நீர்த்துளிகள் முத்து முத்தாக அரும்பி நிற்பதே காரணம். மரத்தைச் செரிக்கும்போது நீர் உண்டாகிறது. மிகுந்த நீரைக் காளான் துளிகளாக வெளியேற்றுகிறது. இன்று அதன் முழுப்பெயர் செர்ப்புலா லாக்ரிமான்ஸ். மரத்தை அழுகச் செய்யும் இக்காளான் தானும் அழுகிறது என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் பொருத்தம் நமக்குப் புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனி இவ்வாராய்ச்சியில் முன்னின்றது. ராபர்ட் ஹார்ட்டிக் 1885 இல் இக்காளானைப் பற்றித் தனி நூலே எழுதினார். வேர் போன்ற இழைக்கயிறுகளால் அது நீரையும் உணவையும் கடத்திச் செல்கிறது. செங்கல்லையும் சாந்தையும் ஊடுருவி, ஒரு சுவருக்கு அப்பாலுள்ள மரத்தையும் போய்ப் பற்றுகிறது. காட்டு மரங்களில் காணப்படும் நெருங்கிய உறவினம் ஒன்றும் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்துவது எளிதன்று. ரிச்சர்டு ஃபால்க் 1912 இல் வெளியிட்ட நூலில், அவற்றை வளர்த்துப் பார்த்து வெப்பத்தால் பிரித்துக் காட்டினார். வீட்டுக் காளான் 20 பாகை அளவில் செழித்து, 26, 27 பாகையில் வளர்ச்சி நின்றுவிடும். காட்டினம் அதனினும் மிகுந்த வெப்பத்தில் வளரும்.

இங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. ஐரோப்பாவில் எண்ணிறந்த வீடுகளில் இக்காளான் உண்டு. ஐரோப்பியக் காடுகளிலோ அதனைக் காண்பது அரிதினும் அரிது. மனிதன் வீடு கட்டுமுன் அது எங்கே வாழ்ந்தது? எந்தக் காட்டில் எந்த மரம் அதற்கு இடந் தந்தது?

இவ்வினாவிற்குரிய விடையில் ஒரு பகுதி நம் நாட்டிலிருந்து கிடைத்தது. டேராடூனில் 1906 இல் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையத்தில் காளானியல் அறிஞராகப் பணியாற்றிய கே. பாக்சி, இக்காளான் இந்தியாவில் காணப்படுவதை 1954 இல் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். அமெரிக்காவின் ஷாஸ்தா மலைப்பகுதியிலிருந்தும் இத்தகைய காட்டுக் காளானைப் பற்றிய செய்தி வந்தது. பாக்சியின் கட்டுரை கற்றோர் சிலரோடு நின்றுவிட்டது. சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே, இந்திய ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் இமாசலப் பிரதேசத்தில் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்க்கண்டாவைச் சுற்றிய காடுகளில் அதனைத் தேடிச் சென்றனர். விழுந்து கிடந்த ஊசியிலை மரங்களில் காட்டுக் காளானைக் கண்டெடுத்து, 1993 இல் அதனை அறிவித்தனர். வீடுகளில் ஆணவத்தோடு பரவும் இக்காளான், காட்டில் விழுந்த மரங்களை மண்ணாக்கும் அடக்கமான தொழிலைச் செய்துகொண்டிருந்தது.

2007 இல் மரபணு ஆராய்ச்சி மேலும் ஒரு படி சென்றது. பல நாடுகளிலிருந்து திரட்டிய காளான்களை ஒப்பிட்டபோது, வீட்டுக் காளானின் மூலம் ஆசியக் கண்டமே என்பது தெரியவந்தது. ஐரோப்பிய வீடுகளிலுள்ளவை தம்முள் மிகச் சிறிதே வேறுபட்டன. எனவே, சில முன்னோர்களே எவ்விதமோ அங்குச் சென்று பல்கிப் பெருகினர் என்று கொள்ள வேண்டும். வுல்ஃபென் பெயரிட்டதற்கும் இதற்கும் இடையே 226 ஆண்டுகள்.

இவ்வளவு ஆராய்ந்து பெயரைத் தெளிவதால் பயன் என்ன என்று கேட்கலாம். பயன் வீட்டுக்காரரின் பணப்பையில் தெரியும். ஈரமரத்தில் மட்டும் வளரும் சாதாரணக் காளானாயின், ஒழுக்கை அடைத்து, காற்றோட்டம் தந்து, இற்ற மரத்தை மாற்றினால் போதும். கண்ணீர்க் காளானாயின், சுவருக்குள் ஓடும் கயிறுகளைத் தேடியாக வேண்டும்; இல்லையேல் புது மரமும் அதற்கு இரையாகும். முன்னதைப் பின்னதென்று மயங்கினால் நல்ல கூரை வீணே பிரிக்கப்படும். பின்னதை முன்னதென்று மயங்கினால் சில ஆண்டுகளில் மீண்டும் தச்சரை அழைக்க வேண்டும். இரண்டிலும் முதற்பணி ஒன்றே: நீர் வரும் வழியை அடைப்பது.

சமவெளியில் வாழும் நேயர்கள் இதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. 40 பாகை வெப்பம் மரத்துள் நீடித்து நிலைத்தால் இக்காளான் மாய்ந்துவிடும். டென்மார்க்கில் கட்டடங்களைச் சூடேற்றியே இதனை ஒழிக்கும் முறை கையாளப்படுகிறது. தில்லியிலும் நாகபுரியிலும் நாம் நொந்துகொள்ளும் கோடை, அந்தச் செலவின்றியே அவ்வேலையைச் செய்கிறது.

நாம் தமிழாக்கிய குறிப்பிற்கு வருவோம். அதை எழுதியவர் எந்தக் காளானைக் கண்டார் என்பது அதில் இல்லை. எவரும் ஆராய்ந்ததாகவும் தெரியவில்லை. 'உலர் அழுகல்' என்னும் தொடரை அடித்துவிட்டு, 'மரத்தை அரிக்கும் காளான். இனம் கண்டறியப்பட வேண்டும்' என்று திருத்தி அனுப்பினோம். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் உரிமையன்று என்பதை அறிவோம். எனினும், ஒரு கூரையைப் பிரிப்பதா காப்பதா என்பது அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தபோது, நாம் வாளாவிருக்க இயலவில்லை.