இரும்புக்கையும் தீப்பெட்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆண்டாள், கோபுரம், பால்கோவா. ராஜபாளையம் என்றால் நூற்பாலைகள், அப்புறம் அந்த வெள்ளை வேட்டை நாய். ஆனால், 1970, 80களில் இந்த இரண்டு ஊர்களிலும் அரை டிராயர் போட்டுத் திரிந்த ஆசாமியிடம் கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய காமிக்ஸைப் பற்றித்தான் முதலில் பேசுவார். பேசமாட்டாரா பின்னே? சென்னைப் பையன் ஏக்கத்தோடு எதிர்பார்த்த புத்தகம், இவருக்குப் பக்கத்து ஊரிலேயே அல்லவா அச்சானது!

பக்கத்து ஊர், சிவகாசி. லண்டன் சாகசக் கதைகள் எல்லாம் எப்படி இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தன? அதற்குத் தீப்பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த, வறண்ட பூமி. விவசாயத்துக்குச் சாபம், தீக்குச்சிக்கு வரம்! தீப்பெட்டி என்றால் அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டும். மயில், சாவி, புலி என்று கலர் கலராகப் படங்கள். அதை வெளியூரில் அச்சடித்து வாங்குவானேன் என்று லித்தோ அச்சகங்கள் வந்தன. லேபிளுக்காக வந்த மெஷின் பிறகு காலண்டர் அடித்தது, டைரி அடித்தது. படம் அச்சடிக்கத் தெரிந்த ஊரில் படக்கதை வராமல் போகுமா?

1972ல் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' ஆரம்பித்தார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. லூயிஸ் கிராண்டேல் என்கிற ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். உயர் மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். (இதைப் படித்துவிட்டு ப்ளக் பாயின்ட்டில் விரலை விட நினைத்த சிறுவர்கள் எத்தனை பேரோ... ஆண்டாள்தான் காப்பாற்றியிருக்க வேண்டும்.)

இந்தக் கதை 1962 அக்டோபரில் லண்டன் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் தொடங்கியது. படம் வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஒரு ஸ்பெயின்காரர். அங்கே வாராவாரம் ஓரிரு பக்கம்தான். அடுத்த வாரம் வரை நகம் கடிக்க வேண்டும். நம் பையனுக்கோ கதை முழுசாக ஒரே புத்தகத்தில்! பலூனுக்குள் இங்கிலீஷ் போய்த் தமிழ் வந்தது. மாயாவி வேலை பார்த்த உளவுப்படை 'நிழற்படை' ஆனது. நல்ல பெயர் இல்லையா?

1984ல் போட்டி சூடு பிடித்தது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் ஜூலையில் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதே வருடம் தினத்தந்தி குடும்பத்திலிருந்து ஜேம்ஸ்பாண்டோடு 'ராணி காமிக்ஸ்' வந்தது. லயனின் முதல் கதாநாயகி மாடஸ்டி. ஆனாலும் பையன்களைக் கட்டிப்போட்டது ஸ்பைடர்தான். கூர்க்காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பியவன்! ஒரு வில்லனைப் பிள்ளைகள் தலையில் தூக்கிவைத்து ஆடினால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து, பிடிபட்டு, முதுகு வீங்கியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! 1938ல் ஓவியர் ஜோ ஷஸ்டரும் இவரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கோர்ட் கோர்ட்டாக அலைந்தார்கள். அந்த சீகல்தான் 1960களில் லண்டன் வாரப் பத்திரிகைக்கு ஸ்பைடரை எழுதினார். அங்கே எழுத்தாளர் பெயர் போடும் வழக்கமெல்லாம் கிடையாது. ஆகவே ராஜபாளையத்துப் பையன் சூப்பர்மேனின் அப்பாவைப் படித்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கும் தெரியாது, லண்டன் பையனுக்கும் தெரியாது!

இதில் நெஞ்சைக் குத்துகிற விஷயம் ஒன்றும் உண்டு. இந்தப் பையன்கள் மாயாவியோடு அலைந்த அதே வருடங்களில், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ்ஸில் ஏற்றப்பட்டுத் தீப்பெட்டி ஒட்டப் போன பிள்ளைகள் ஏராளம். அதே வயது, அதே வட்டாரம். படத்தை அச்சடிக்கிற மெஷின் இந்த ஊருக்கு வந்ததே அந்தத் தீப்பெட்டியால்தான். 1986ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அப்புறமும் சிவகாசிப் பிள்ளைகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 டிசம்பரில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. காமிக்ஸ் பிரியர்கள் பழைய நாட்களைப் பற்றிக் கண்கலங்கிப் பேசும்போது இந்தப் பிள்ளைகளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. கயிற்றில் தொங்கிய அட்டைப் படத்தை பஸ் ஜன்னல் வழியாக அவர்களும் பார்த்திருப்பார்கள்தானே?

லண்டனில் 'லயன்' 1974லும் 'வேலியன்ட்' 1976லும் மூடப்பட்டன. ஸ்பைடர் தொடர் 1969லேயே நின்றுபோனது. பெற்ற ஊர் மறந்த பிள்ளைகளைச் சிவகாசி எடுத்து வளர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். டி.வி. வந்த பிறகு இங்கும் தடுமாற்றம். 2005ல் ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் அடிக்கடி படுத்து எழுந்தன. 2012ல் லயன் வழவழ தாளில் வண்ணத்தோடு திரும்பி வந்தது. வாங்கியவர்களில் அதே பழைய அரை டிராயர் ஆசாமிகள் நிறைய, இப்போது வழுக்கைத் தலையோடு!

2021ல் இங்கிலாந்தில் ஸ்பைடரும் இரும்புக்கையும் மறுபடி புத்தகமாக வெளிவந்தார்கள். இந்த முறை அட்டையில் ஜெர்ரி சீகலின் பெயர் இருந்தது.