முப்பது நாள் ராஜா, முப்பது நாள் தீவு

குரோஷியாவின் டுப்ரோவ்னிக்ல கப்பல் பயணிகளோட டைம்டேபிள் எல்லாருக்கும் ஒண்ணுதான். காலைல க்ரூஷ் துறைமுகத்துல இறங்கி பஸ் பிடிச்சா மூணு கிலோமீட்டர்ல பிலே வாசல். கோட்டைச்சுவர் மேல ஒரு சுத்து, ஒரு ஐஸ்க்ரீம், நூறு போட்டோ, சாயங்காலம் திரும்பவும் கப்பல். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவங்கன்னா போட்டோ இருநூறு ஆகும் :-)

நானும் அதையேதான் செஞ்சேன். சுவர் மொத்தம் 1,940 மீட்டர், வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க. ஆனா என்னை யோசிக்க வெச்சது சுவர் இல்ல. இந்த ஊர்க்காரங்களோட 30 நாள் கணக்கு.

பழைய பேரு ரகூசா. 1358-ல வெனிஸ் பிடியிலிருந்து விடுபட்டு, 1808 வரைக்கும் தன்னைத்தானே ஆண்டுக்கிட்ட குட்டிக் குடியரசு. ஒரு பக்கம் வெனிஸ், இன்னொரு பக்கம் ஆட்டோமன் துருக்கி. ரெண்டுல எது நினைச்சாலும் ஒரே வாய்ல முழுங்கியிருக்கலாம். பெரிய படை கிடையாது. அப்புறம் எப்படி 450 வருஷம் தாக்குப் பிடிச்சாங்க?

எனக்குத் தோணின பதில்: யாரையும் முழுசா நம்பல. தங்களையே நம்பல!

ஊர்த் தலைவருக்கு ரெக்டர்னு பேரு. பதவிக்காலம் ஒரே ஒரு மாசம். அந்த மாசம் முழுக்க அரண்மனையிலதான் இருக்கணும், அரசாங்க வேலை இருந்தாத்தான் வெளிய வரலாம். ஒரு தடவை இருந்தவர் மறுபடி வரணும்னா ரெண்டு வருஷம் காத்திருக்கணும். ஆபீஸ்ல அட்மின் பாஸ்வேர்டை மாசாமாசம் மாத்தச் சொல்லி உயிரை எடுப்பாங்களே, அதே லாஜிக். இவங்க பாஸ்வேர்டுக்குப் பதிலா ஆளையே மாத்திட்டாங்க. அந்த அரண்மனை இப்போ மியூசியம். சொந்த வேலையை மறந்துட்டு ஊர் வேலையைப் பாருன்னு அங்க ஒரு கதவுக்கு மேல லத்தீன்ல செதுக்கி வெச்சிருக்காங்க. உள்முற்றத்துல ஒரே ஒரு மார்பளவுச் சிலை. மிஹோ ப்ராட்சட்ங்கிற வணிகரோடது. செத்தப்போ சொத்தை குடியரசுக்கு எழுதி வெச்சவர். பிரபு குலத்துல பிறக்காத ஒருத்தருக்கு குடியரசு வெச்ச சிலை அது மட்டும்தான். ரெக்டரா இருந்த யாருக்கும் சிலை இல்லைங்கிறதையும் கவனிங்க. அதுக்காக இதை ஜனநாயகம்னு நினைச்சுடாதீங்க. ஓட்டு, பதவி எல்லாம் சில பிரபுக் குடும்பங்களுக்குள்ளயேதான் சுத்தி வந்தது.

இன்னொரு 30 நாள் கணக்கு இதைவிடப் பெருசு. 1348-ல பிளேக் வந்து ஊரைச் சூறையாடிட்டுப் போயிருந்தது. ஊரே வியாபாரத்துல பிழைக்குது. வாசலை மூடினா பட்டினி, திறந்தா சாவு. 1377-ல பெரிய சபை ஒரு சட்டம் போட்டது. பிளேக் இருக்கிற ஊர்லேர்ந்து வர்றவங்க மிர்கான்ங்கிற தீவுலயோ, பக்கத்துல இருக்கிற சாவ்டாட்லயோ ஒரு மாசம் இருந்துட்டுத்தான் உள்ள வரணும். அனுமதியில்லாம அங்க போய் அவங்களைப் பார்க்கிற உள்ளூர்க்காரனுக்கும் அதே ஒரு மாசம். கிருமின்னா என்னன்னே தெரியாத காலம் சார் அது! நோய்னு யாரையும் விரட்டல, நல்லா இருக்கான்னு உள்ளயும் விடல. 'கொஞ்ச நாள் பார்ப்போம்', அவ்வளவுதான். உலகத்துல எழுத்துல இருக்கிற முதல் க்வாரண்டைன் சட்டம்னு இதைத்தான் சொல்றாங்க. பேரு மட்டும் வெனிஸ்காரங்க பாஷைல நிலைச்சிடுச்சு: 30 நாள் பின்னாடி 40 ஆச்சு, 'க்வாரண்டா'ன்னா நாற்பது.

அப்புறம் பிளோசே வாசலுக்கு வெளியே, கடலை ஒட்டி லாசரெட்டின்னு இதுக்காகவே கட்டிடம் வரிசையா கட்டினாங்க. இன்னிக்கும் நிக்குது, கலை நிகழ்ச்சியெல்லாம் நடக்குது. கப்பல்லேர்ந்து வந்த கூட்டத்துல பாதி பேர் அதைத் தாண்டி பீச்சுக்குப் போயிட்டிருந்தாங்க. 2020-ல யோகோஹாமா துறைமுகத்துல டைமண்ட் பிரின்சஸ் கப்பல் நின்னதும், கொரோனா பயத்துல எத்தனையோ கப்பலை ஒரு துறைமுகமும் சேர்க்காததும் ஞாபகம் இருக்குல்ல? அதனால எனக்கு அந்தச் சுவரைச் சும்மா தாண்டிப் போக முடியல.

துருக்கிக்கு என்ன பண்ணாங்க? கப்பம் கட்டினாங்க. வருஷத்துக்கு 12,500 டூக்கட் வரைக்கும் போச்சு. கூடவே துருக்கி நாடு முழுக்க வியாபார உரிமையும் வாங்கிட்டாங்க, அதனால நஷ்டம்னு சொல்ல முடியாது. 1699-ல வெனிஸ் பக்கத்து நிலத்துக்கே வந்துடுமோன்னு பயம் வந்தப்போ, தன்னோட நியூம்ங்கிற கடலோரத் துண்டைத் துருக்கிக்கே விட்டுக் கொடுத்து நடுவுல வேலி மாதிரி நிறுத்தினாங்க. அந்தத் துண்டு இன்னிக்கும் போஸ்னியாவுக்குச் சொந்தம்! குரோஷியா ரெண்டா வெட்டுப்பட்டு, அதைச் சுத்திப் போக பெல்யெஷாட்ஸ் பாலம் 2022-லதான் திறந்தது. 300 வருஷத்துக்கு முந்தி போட்ட பேட்ச், இன்னும் புரொடக்ஷன்ல ஓடுது.

ஆனா எல்லாத்தையும் இப்படிச் சமாளிக்க முடியல. 1667 பூகம்பம் ரெக்டரையே கொன்னுது, ஊர்ல பெரும்பகுதி தரைமட்டம். 1806-ல வந்த நெப்போலியன் படைக்குக் கப்பமும் பேச்சும் வேலைக்கு ஆகல. 1808-ல குடியரசைக் கலைச்சாச்சு. 1991-ல யூகோஸ்லாவியா உடைஞ்சப்போ யூகோஸ்லாவ் ராணுவம் முற்றுகை போட்டது. டிசம்பர் 6-ம் தேதி யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற பழைய நகரத்து மேலயே குண்டு மழை. சுவர் மேலேர்ந்து பார்த்தா கூரை ஓடு ரெண்டு நிறம். வெளிறினது பழசு, பளீர் ஆரஞ்சு போருக்கு அப்புறம் மாத்தினது. பளீர்தான் அதிகம். அங்க கொஞ்ச நேரம் போட்டோ எடுக்கத் தோணல.

இப்போ வர்ற படை நம்மளை மாதிரி ஆளுங்க. கூட்டம் தாங்காம 2019-லேர்ந்து ஒரே நேரத்துல ரெண்டு கப்பல், 4,000 பயணிகள்னு கணக்கு வெச்சிருக்காங்க. நீங்க போனா பிலே பக்கம் நெரியாம, லாசரெட்டி இருக்கிற பிளோசே வாசல் வழியா உள்ள நுழைங்க.