தேமல் வேஷத்தில் ஒரு புற்று

"இது வெறும் படை. தேங்கா எண்ணெயத் தடவு, தானாப் போயிரும்லே!"

திருநெல்வேலிப் பக்கம் இடுப்பிலோ தொடையிலோ நிறம் மாறிய திட்டு வந்தால், முதல் வைத்தியம் இதுதான். போய்விட்டால் சரி. தாமிரபரணியில் குளித்து, கடையில் வாங்கிய களிம்பையெல்லாம் தடவி, வருஷக்கணக்கில் போகவில்லை என்றால்?

1806-ல் பாரிஸில் ஆலிபெர் என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். உடம்பெல்லாம் காளான் முளைத்தது போலக் கட்டிகள். அதனால் நோய்க்கும் காளானின் பெயரே அமைந்தது: மைகோசிஸ் ஃபங்காய்டஸ். பாவம், காளானுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது! நம்மைக் காக்கவேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகை, வேலியே பயிரை மேய்ந்த கதையாக, தோலில் புற்றாகிவிடுகிறது. தோல் லிம்ஃபோமா. கட்டி வருவதெல்லாம் பிற்பாடு. பல வருஷம் அது வெறும் திட்டுதான்.

ரான்ட்ஜன் எக்ஸ்-ரே கண்டுபிடித்தது 1895-ல். ஏழே வருஷத்தில், 1902-ல், அந்தக் கதிரை இந்த நோய்மேல் பாய்ச்சிப் பார்த்துவிட்டார்கள். கதிருக்கு இது சட்டென்று பணிகிற புற்று என்பது புரிந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தத் துக்கம் ஒரு ஆஸ்பத்திரியாக எழுந்து நிற்க 31 வருஷம் ஆனது. 1954-ல் அடையாறில், வெறும் 12 படுக்கைகளோடு! 1957-ல் அங்கே இந்தியாவின் முதல் கோபால்ட் கருவி வந்தது.

கோபால்ட் கதிருக்கு ஒரு குணம் உண்டு. மேல்தோலை ஓரளவு தப்பவிட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் முழு பலத்தைக் காட்டும். உள்ளே இருக்கும் புற்றுக்கு அது வரம். நோயே தோலில் இருந்தால்? அதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் ஜான் டிரம்ப். (ஆமாம், டொனால்ட் டிரம்ப்பின் சித்தப்பாதான்!) 1950-களின் தொடக்கத்தில் அவர் குழு எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தியது. சில மில்லிமீட்டர் போகும், அங்கேயே நின்றுவிடும். உள்ளுறுப்புகளுக்குச் சேதமில்லை.

ஒன்றிரண்டு திட்டாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் கதிர் போதும். திட்டு மறைந்து, திரும்பி வராமலே பல வருஷம் நன்றாக இருப்பவர்கள் உண்டு.

சிக்கல் எங்கே தெரியுமா? நம் மாநிறத் தோலில் இது சிவப்பாக இல்லாமல், வெளுத்த திட்டாகவும் வரும். அச்சு அசல் தேமல்! சில சமயம் தொழுநோய் என்றும் ஏமாற்றும்.

பயப்பட வேண்டாம். பெரும்பாலான தேமல் தேமல்தான். ஆனால், மாசக்கணக்கில் எந்தக் களிம்புக்கும் அடங்காத திட்டைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால், 'அதெல்லாம் எதுக்கு?' என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

கதிர் காத்திருக்கிறது. புற்று காத்திருக்காது.