களைக்கொல்லி தெளிப்பான்: கழுவலும் காப்பும்

களைக்கொல்லி அடித்த கைத்தெளிப்பானில் தங்கும் மிச்சம், அடுத்த முறை பூச்சிமருந்தோடு கலந்து பயிரைத் தாக்கும். களைக்கொல்லிகளில் 2,4-டி மிகவும் பொல்லாதது. டேங்கின் அடியில் சில சொட்டு நின்றாலே போதும். பருத்தி இலை சுருங்கி விரல்விரலாக நீளும், நரம்பு புடைக்கும். தக்காளிக்கும் திராட்சைக்கும் இதே கதிதான். ரப்பர் குழாயும் வாஷரும் மருந்தை உறிஞ்சி வைத்திருந்து மெல்லக் கக்குவதால், வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசுவது கழுவலாகாது.

மிச்ச மருந்தை அடித்த வயலிலேயே தெளித்துத் தீர்க்க வேண்டும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது. பிறகு மூன்று முறை நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒவ்வொரு முறையும் நாசில் வழியே அடித்து வெளியேற்றுவர். 2,4-டி என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. வீட்டு உபயோக அமோனியா கலந்து, குழாய்க்குள்ளும் ஏறும்படி கொஞ்சம் அடித்துவிட்டு, இரவு முழுதும் ஊறவைத்து மறுபடி அலசுவது வழக்கம். அமோனியாவோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். நாசில் அடைப்பை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும். பழைய பல்துலக்கியே ஏற்றது. அடைப்பை வாயால் ஊதக்கூடாது; அப்படி ஊதுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

காயவைத்த டேங்கை மூடி திறந்தபடி கவிழ்த்து, வெயில் படாத இடத்தில் வைப்பர். வசதியுள்ளவர்கள் களைக்கொல்லிக்கென்றே தனி மெஷின் வைத்துக்கொள்கிறார்கள்.