தவளம் மாடு முதல் டபள் கெப் வரை: வெறுமையாகத் திரும்பும் வண்டியின் கணக்கு



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். கெப், பட்டா, லொறி வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்கள் கட்டாயம் கடைசி வரை வாசிக்கவும்.

"டீசல் கெப் ஒன்று பார்த்திருக்கிறேன், லீற்றருக்கு எத்தனை ஓடும்?" நம் ஊர்க் குழுமங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒருவர் பதின்மூன்று என்பார். இன்னொருவர் ஒன்பது கூட வராது என்பார். பிறகு பெரிய வாக்குவாதம். உண்மையில் இருவரும் பொய் சொல்வதில்லை. ஒருவர் வெறும் வண்டியில் அவிசாவளைப் பாதையில் போய் வருகிறார். மற்றவர் உரமூட்டையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் மேலே ஏறுகிறார். வண்டி ஒரே மாதிரியாக இருக்கலாம். வேலை வேறு.

அதனால் "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்" என்பதை விட "ஒரு தொன் சாமானை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சேர்க்க எத்தனை லீற்றர்" என்று கேட்பதே சரி. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. சப்ரகமுவ முஸ்லிம்களின் வரலாற்றோடு ஒட்டிய கணக்கு இது. அந்த வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

*பொதிமாட்டுக் காலம்*

கண்டி இராச்சியத்தில் மடிகே பத்த என்றொரு பிரிவு இருந்தது. அரசனின் போக்குவரத்துத் திணைக்களம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதிமாடுகளில் சாமான் ஏற்றி இறக்கும் அந்தச் சேவையில் பெருமளவில் இருந்தவர்கள் முஸ்லிம்கள். பேராசிரியர் லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய தமது ஆய்வில் இதை எழுதியிருக்கிறார். குருநாகல் பக்கம் மடிகே என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் இடம் கொடுத்து ஆதரித்தான் என்பதை நாம் பெருமையாகச் சொல்வோம். அப்படி வந்தவர்களும் அவர்களுக்கு முன்பே இருந்தவர்களும் மலைநாட்டில் செய்த முக்கியமான தொழில்களில் ஒன்று இந்தத் தவளம்.

அந்தத் தொழிலில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. மலையிலிருந்து கரைக்கு இறங்கும்போது மாட்டின் முதுகில் பாக்கு. கரையிலிருந்து ஏறும்போது உப்பும் கருவாடும். இரு பக்கமும் சுமை. மாட்டுக்குத் தீனி இரு பக்கமும் போட வேண்டும், கூட நடக்கும் ஆளுக்குச் சோறு இரு பக்கமும் வேண்டும். எனவே வெறும் முதுகோடு ஒரு மாடு திரும்பினால் அது நட்டம்.

ஆங்கிலேயர் காலத்திலும் இதே கணக்குத் தொடர்ந்தது. 1820களில் கெப்டன் டோசன் தலைமையில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. மாவனல்லை தாண்டிப் போகும்போது கடுகண்ணாவையில் நாம் பார்க்கும் கோபுரம் அவர் நினைவாகக் கட்டியது. பொதிமாட்டின் இடத்துக்கு மாட்டுவண்டி வந்தது. கீழே கோப்பி போனது. மேலே தோட்டத் தொழிலாளருக்கான அரிசி வந்தது. இரத்தினபுரிப் பக்கமோ களுகங்கைதான் பெருவீதி. களுத்துறைக்கு ஆற்றோடு இறங்கும் படகு சுலபமாகப் போகும். ஏறி வருவதுதான் பாடு.

*றம்புக்கனையில் பின்னால் பூட்டிய எஞ்சின்*

மாட்டுவண்டிக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று தோட்டத் துரைமார் ரயில் கேட்டார்கள். 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் வந்தது. 1867இல் கண்டிக்குப் போனது.

றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் பாதை ஏறத்தாழ 400 மீற்றர் உயர்கிறது. 45 அடி போனால் 1 அடி ஏறும் சரிவு. நீராவிக் காலத்தில் கொழும்பிலிருந்து ரயிலை இழுத்து வந்த எஞ்சினால் இந்த ஏற்றத்தைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அதற்காக றம்புக்கனையில் இன்னோர் எஞ்சினை வைத்திருந்து ரயிலின் பின்னால் பூட்டித் தள்ளினார்கள். ஏற்றம் முடிந்ததும் அது கழன்று கீழே திரும்பிவிடும்.

ஏற்றத்துக்குத் தேவையான பெரிய எஞ்சினைக் கொழும்பிலிருந்தே இழுத்துக்கொண்டு வராததுதான் அவர்களுடைய சிக்கனம். எங்கே பாரம் அதிகமோ அங்கே மட்டும் கூடுதல் பலம் கொடுத்தார்கள்.

இரத்தினபுரிப் பக்கத்துக்குக் களனிவெளிப் பாதை வந்தது. 2 அடி 6 அங்குலச் சின்னப் பாதை. 1902இல் அவிசாவளை, அடுத்து யட்டியாந்தோட்டை, 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஓபநாயக்க. நம் தேயிலைக்கும் இறப்பருக்கும் அதுதான் வழி. தோட்டங்களுக்குள்ளேயோ இன்னொரு சிக்கனம். மலை உச்சியிலிருந்து கம்பி கட்டி, கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டி விட்டால் தானே சறுக்கிப் பெக்டரிப் பக்கம் வந்துவிடும். எண்ணெய்ச் செலவே கிடையாது.

*டீசல் வந்தது*

ஜெர்மனியரான ருடோல்ஃப் டீசல் தமது எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டியது 1897இல். பெற்றோல் எஞ்சின் போல அதில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கி அழுத்துவதால் வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றும். அந்த அதிக அழுத்தம் ஒரு காரணம், ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலை விடச் சக்தி கூட என்பது இன்னொரு காரணம். பாரம் இழுக்க டீசல் என்றானது இதனால்தான்.

நம் ரயில்வேக்கு 1954இல் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. வீதியில் லொறிகள் பெருகின. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. அதே பத்தாண்டில்தான் அவிசாவளைக்கு அப்பால் ஓபநாயக்க வரையான ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சில்லுக்கு, தார் வீதியில் உருளும் டயரை விட இழுவை பல மடங்கு குறைவு. அந்த வசதியை எண்ணெய் விலை ஏறிய காலத்திலேயே இழந்தோம். அன்றிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கத்துச் சாமான் முழுவதும் டீசல் லொறியையும் கெப்பையும் நம்பியே இருக்கிறது.

*கணக்குக்கு வருவோம்*

ஒரு லீற்றர் டீசலில் சுமார் 36 மெகா ஜூல் சக்தி உண்டு. நல்ல எஞ்சினிலும் அதில் மூன்றில் ஒரு பங்கு சில்லுக்குப் போனால் பெரிய விடயம். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக நமக்குக் கிடைப்பது 12 மெகா ஜூல்.

இரண்டு தொன் எடையுள்ள டபள் கெப்பில் ஒரு தொன் சாமான் ஏற்றி, றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையான அந்த 400 மீற்றர் உயரத்தை ஏறுங்கள். உயர்த்துவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 12 மெகா ஜூல், அதாவது ஒரு லீற்றர் டீசல் வேண்டும். ஓடும் தூரத்துக்கான செலவு வேறு. இந்த ஒரு லீற்றரில் சாமானை உயர்த்தியது மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கும் வண்டியின் சொந்த எடைக்குப் போனது. வெறும் வண்டியாக ஏறினாலும் அந்த இரண்டு பங்கு போகத்தான் செய்யும்.

இனி ஒரு வியாபாரியின் பயணம். கணக்குச் சுலபமாக இருக்க இப்படி வைத்துக்கொள்வோம். வண்டி வெறுமையாக லீற்றருக்கு 12 கிலோமீற்றரும், ஒரு தொன்னோடு 9 கிலோமீற்றரும் ஓடுகிறது. தூரம் ஒரு பக்கம் 36 கிலோமீற்றர்.

சாமானோடு போக 4 லீற்றர். வெறுமையாகத் திரும்ப 3 லீற்றர். ஒரு தொன்னைச் சேர்க்க மொத்தம் 7 லீற்றர்.

திரும்பும்போதும் ஒரு தொன் ஏற்றினால் மொத்தம் 8 லீற்றர். இரண்டு தொன் சேர்ந்துவிட்டது. இரண்டாவது தொன்னுக்குச் செலவு ஒரே ஒரு லீற்றர்!

மறுபக்கம் பாருங்கள். அந்த ஒரு தொன்னையே அரை அரையாக இரண்டு பயணத்தில் கொண்டு போனால், ஒவ்வொரு பயணத்துக்கும் ஏறத்தாழ ஆறரை லீற்றர். மொத்தம் 13. ஏழு லீற்றர் வேலைக்குப் பதின்மூன்று.

கம்பனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணில் இது எதுவும் தெரியாது. ஐரோப்பாவிலும் மற்ற நாடுகளிலும் அந்த எண் எடுக்கப்படுவது ஆய்வுகூடத்தில், உருளையின் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி. அங்கே மலை கிடையாது. அமெரிக்காவில் வண்டியும் பாரமுமாக 8,500 றாத்தலுக்கு மேல் போகக்கூடிய பெரிய பிக்கப்களுக்கு அந்த எண்ணை ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. அங்கே பின்னால் பெரிய இழுவைப் பெட்டி பூட்டி நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது காற்றே பெரிய எதிரி. பெட்டியின் உயரத்தைப் பொறுத்து லீற்றருக்கு ஓடும் தூரம் பாதியாகக்கூட விழும். நம் தோட்டப் பாதையில் அந்த வேகம் எங்கே? இங்கே எதிரி ஏற்றமும், வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து மறுபடி இழுப்பதும்தான். கொழுந்து ட்ரெக்டரின் பின்னால் பூட்டும் பெட்டிக்கும் இதே கதை. பெட்டி வெறுமையாக இருந்தாலும் அதன் இரும்பு எடையை எஞ்சின் இழுத்தே ஆக வேண்டும்.

*2022ஐ மறக்க முடியாது*

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஏப்ரல் 19இல் 289. மே மாதம் 400. ஜூன் 26இல் 460. மேலே சொன்ன 7 லீற்றர் பயணத்துக்கு 847 ரூபாவாக இருந்த செலவு ஆறே மாதத்தில் 3,220 ரூபா ஆனது. அரிசி, மா, பருப்பு எல்லாவற்றின் மேலும் அந்தச் செலவு ஏறியது. பெக்டரிக்குப் போகும் கொழுந்தின் மேலும் ஏறியது. கடைசியில் அதைக் கொடுத்தவர்கள் லயத்தில் இருக்கும் குடும்பங்களும், கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களும், நாமும்தான்.

ஏப்ரல் 19இல் நம் றம்புக்கனையிலேயே எண்ணெய் விலைக்கு எதிராக மக்கள் ரயில் பாதையை மறித்தார்கள். பொலிஸார் சுட்டதில் ஓர் உயிர் போனது. பலர் காயப்பட்டார்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்றார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், வேனுக்கு 20, லொறிக்கு 50. 2023 செப்டம்பர் 1 வரை அந்த முறை இருந்தது.

அந்த நாட்களில் அடுத்தடுத்த கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் சாமான் எடுத்ததைப் பார்த்தோம். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போகும் வண்டியில் வழியில் நின்றவர்களையும் ஏற்றினார்கள். எண்ணெய் கிடைத்ததும் அதெல்லாம் நின்றுவிட்டது. இன்று ஒரே வீதியில் இருக்கும் நான்கு கடைகளுக்கு நான்கு கெப்கள் புறக்கோட்டைக்குப் போகின்றன. நான்கும் வெறுமையாகப் போய் அரைப் பாரத்தோடு திரும்புகின்றன.

*என்ன செய்யலாம்?*

வாகனம் வாங்குமுன் வருடத்தில் ஒரு நாள் ஏற்றும் பாரத்தைப் பார்க்காமல், தினமும் ஏற்றும் பாரத்தைப் பாருங்கள். நாம் பட்டா என்று சொல்லும் டாட்டா ஏஸ் 2005இல் இந்தியாவில் வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின்தான். ஆனால் தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான சுமையை ஏற்றும். இரண்டு தொன் கெப்பில் ஐம்பது கிலோ பாண் கொண்டு போவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய பாரம் வரும் நாளுக்கு மட்டும், றம்புக்கனை எஞ்சின் போல, பெரிய வண்டியை வாடகைக்கு எடுக்கலாம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். இப்போதைய டீசல் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எண்ணெயைத் தாமே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எண்ணெய் எரியும். பிரேக்கும் சூடேறிக் கைவிடும். பாரத்தோடு இறங்கும்போது இது உயிர் விடயம்.

முழுப் பாரம் என்றால் அளவுக்கு மிஞ்சிய பாரம் அல்ல. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றி மிச்சம் பிடிக்கும் காசு டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வரும் பயணத்தை நிரப்புங்கள். கொழும்புக்குப் போகும் கெப்பில் நம் பக்கத்து மிளகு, கராம்பு, பாக்கு, மரக்கறி இறங்கட்டும். வரும்போது இரண்டு மூன்று கடைகளின் சாமான் சேர்ந்து ஏறட்டும். யார் எந்த நாளில் எங்கே போகிறார் என்று வியாபாரிகளின் வட்ஸ்அப் குழுவில் முதல் நாள் இரவே ஒரு வரி போட்டால் போதும். சிங்களக் கடைக்காரர், தமிழ்க் கடைக்காரர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவளம் மாட்டில் வந்த உப்பு எல்லா வீட்டுச் சமையலுக்கும்தானே போனது. வீண்விரயத்தை மார்க்கம் வெறுக்கிறது என்று குத்பாவில் கேட்கிறோம். வெறும் வண்டியில் எரியும் டீசலும் அதில் சேர்த்திதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தவளம் வைத்திருந்த குடும்பங்கள், களனிவெளி ரயிலில் சாமான் அனுப்பிய கடைகள், தோட்டத்துக்கு முதல் லொறி ஓட்டியவர்கள் பற்றி உங்கள் வீட்டு மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு கொமெண்டில் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். அவர்கள் காலத்தோடு இந்த நினைவுகளும் போய்விட்டால், நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

வஸ்ஸலாம்.